கடைமடைக்குத் தண்ணீர் சேர்க்கும் கூட்டம்

கூட்டம் என்றதும் நம்மிற் பலருக்கு முதலில் தோன்றுவது சலிப்பே. காலை ஒன்பது மணிக்கென்று அறிவித்த கூட்டம் பத்து மணிக்குத் தொடங்கும். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை என்று உரைகள் நீளும். பன்னிரண்டு மணிக்குத் தேநீர் வரும். ஒரு மணிக்கு எல்லோரும் கலைந்து செல்வர். வீட்டுக்கு வந்தவரிடம், "என்ன முடிவாயிற்று?" என்று வீட்டார் வினவினால், "அடுத்த கூட்டத்திற் பேசுவதென்று முடிவாயிற்று" என்ற விடையே கிடைக்கும்.

இதனை வேடிக்கையென்று தள்ளிவிடுவதற்கில்லை. இருநூறு பேர் மூன்று மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்திருந்தால், அறுநூறு மணி நேரம் செலவாகின்றது. நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலையென்று கணக்கிட்டால், அது ஒரு மனிதனின் எழுபத்தைந்து நாள் உழைப்பு. எழுபத்தைந்து நாள் உழைத்து ஒன்றும் விளையவில்லையென்றால் எந்தக் கமக்காரன் பொறுப்பான்? ஆனால், கூட்டத்தில் அந்த உழைப்பு வீணாகும்போது நாம் பொறுத்துக்கொள்கின்றோம். ஏனெனில், கூட்டத்தின் விளைச்சலை அளந்து பார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

அளந்து பார்க்கத்தக்க ஒரு கூட்டம் நமது வன்னிப் பெருநிலத்திலே உண்டு. ஆண்டுதோறும் காலபோகத்துக்கு முன்னும் சிறுபோகத்துக்கு முன்னும், குளங்களின் கீழ் வயல் செய்கின்றவர்கள் கூடி நடத்தும் பயிர்ச்செய்கைக் கூட்டமே அது. அந்தக் கூட்டம் நன்றாக நடந்ததா என்பதைக் கூட்ட அறிக்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மூன்று மாதங்கள் கழித்து, வாய்க்காலின் கடைசி வயலிலே போய் நின்று பார்த்தாற் போதும். அங்கே நெற்கதிர் முற்றித் தலைசாய்ந்திருந்தால் கூட்டம் நன்றாக நடந்தது. பயிர் கருகியிருந்தால், எத்தனை அழகாகப் பேசியிருந்தாலும் அந்தக் கூட்டம் பழுது. இந்த ஓர் அளவுகோலைக் கையிலெடுத்துக்கொண்டு, பயனுள்ள கூட்டம் எதனால் அமைகின்றது என்பதை இன்று ஆராய்வோம்.

முதலிற் குளத்தைப் பார்ப்போம். கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைமடுக் குளம் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலை தொடங்கி, 1920ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய இக்குளம், பின்னர் பலமுறை உயர்த்தியும் திருத்தியும் கட்டப்பட்டது. அண்மைக்காலப் புனரமைப்பின் பின் அதன் முழு நீர்மட்டம் 36 அடி. இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களால் ஏறத்தாழ 21,000 ஏக்கர் வயல் இதன் கீழ்ப் பாய்கின்றது. முல்லைத்தீவு மாவட்டத்தின் முத்தையன்கட்டு, வவுனிக்குளம், வவுனியா மாவட்டத்தின் பாவற்குளம் ஆகியனவும், இன்னும் எண்ணற்ற சிறு குளங்களும் இவ்வாறே தத்தம் வயல்களைக் காத்து நிற்கின்றன.

காலபோகத்துக்கு வடகீழ்ப் பருவமழை துணை செய்யும். சிறுபோகத்துக்கோ குளத்து நீரே கதி. மாரி ஓய்ந்தபின் குளத்தில் எஞ்சி நிற்கும் நீரைக்கொண்டு எத்தனை ஏக்கர் செய்யலாம் என்பதே கேள்வி. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீரை ஓர் ஏக்கரடி என்பர். விளங்குவதற்காக ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். பயன்படுத்தத்தக்க நீர் 40,000 ஏக்கரடி இருக்கின்றது. வாய்க்காலில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து ஓர் ஏக்கர் நெல்லுக்கு 5 ஏக்கரடி வேண்டும். அப்படியானால் 8,000 ஏக்கரே செய்யலாம். எல்லோருடைய மனமும் நோகாதிருக்கட்டும் என்று 10,000 ஏக்கருக்கு இசைந்துவிட்டால் என்ன நிகழும்? ஏக்கருக்கு 4 ஏக்கரடிதான் கிடைக்கும். அந்தக் குறையும் எல்லா வயலிலும் ஒரே அளவாக விழாது. துருசுக்கு அண்மையில் உள்ளவன் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வான். குடலைப் பருவத்திலே தண்ணீரின்றி நிற்பது கடைமடை வயலே. கூட்டத்திற் சொல்லத் துணியாத "இல்லை" என்ற சொல், மூன்று மாதங்கள் கழித்து ஓர் ஏழையின் வயலிற் போய்ச் சொல்லப்படுகின்றது.

ஆதலால், நீரைப் பங்கிடும் கூட்டத்தைச் சட்டமும் பொருட்படுத்தியது. 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், கிராமத்து நீர்ப்பாசன வழக்கங்களுக்கு மீண்டும் வலுவளிக்க முயன்றது. 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் காணிக்காரர் கூட்டங்களுக்கு விதி வகுத்தது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், பழைய விதானை முறைக்குப் பதிலாகக் கமக்காரர் தெரிவுசெய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கொண்டுவந்தது. பின்னர் 1979ஆம் ஆண்டிலும் 2000ஆம் ஆண்டிலும் வந்த கமநலச் சட்டங்கள் வழியாக, இன்று கமக்காரர் அமைப்புகள் அந்தப் பொறுப்பில் நிற்கின்றன. சட்டத்தின் பெயர் மாறினாலும், குளத்து நீரைப் பங்கிடுவோர் கூடிப் பேசியே பங்கிடல் வேண்டும் என்ற நெறி மாறவில்லை.

இனி, கூட்டத்தின் உள்ளே செல்வோம். அரசாங்க அதிபர் அல்லது அவர் சார்பிலான அலுவலர் தலைமை தாங்குவார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தின் நீரளவைச் சொல்வார். கமநல அலுவலரும் விவசாயத் திணைக்களத்தாரும் விதை, உரம், காப்புறுதி ஆகியவை பற்றிச் சொல்வர். கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகள் தம் வாய்க்காலின் நிலையை எடுத்துரைப்பர். பின்பு முடிவுகள் வரும்: எத்தனை ஏக்கர்? எந்தெந்தப் பகுதி? முதல் நீர் திறப்பது எந்தத் திகதி? விதைப்பு எந்தத் திகதிக்குள் முடிய வேண்டும்? எத்தனை மாத நெல்லினம்? வாய்க்காலை எப்போது துப்புரவு செய்வது? கால்நடைகளை எந்த நாளிலிருந்து கட்டுப்படுத்துவது? இறுதி நீர் எப்போது?

இவ்வினாக்களைச் சற்று உற்றுநோக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் விடை ஓர் எண்ணாகவோ, ஒரு திகதியாகவோ, ஓரிடத்தின் பெயராகவோதான் அமையும். "ஆவன செய்வோம்" என்ற விடைக்கு இங்கே இடமில்லை. கூட்டத்திலிருந்து எழுந்து செல்லும் ஒவ்வொருவரும், தாம் என்ன செய்யவேண்டும், எந்த நாளுக்குள் செய்யவேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டே செல்கின்றனர். நல்ல கூட்டத்துக்குரிய முதலாவது இலக்கணம் இதுவே.

இந்த இலக்கணத்தைச் சென்ற சில பத்தாண்டுகளில் உலகின் வேறொரு மூலையில், வேறொரு தொழிலைச் செய்வோரும் கண்டுகொண்டனர். அவர்கள் கணினிக்கு மென்பொருள் எழுதுவோர். அவர்களுடைய செய்தி நமக்கு எட்டாத செய்தியன்று. 2021ஆம் ஆண்டிலே தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்துள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலும் கணினி பயிலும் நம் பிள்ளைகள், வேலைக்குச் சென்ற முதல் வாரத்திலேயே கேட்கும் சொல் 'அஜைல்' என்பது. காலத்துக்கேற்ப வளைந்து கொடுத்து விரைந்து இயங்கும் முறை என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

முன்னாளில் மென்பொருள் செயற்றிட்டம் ஒன்றை இரண்டாண்டு, மூன்றாண்டுக்கென்று முழுவதும் வரைந்து, பின்பு கட்டி, இறுதியிலேதான் அதனை வேண்டியவரிடம் கொடுப்பர். அதற்குள் அவருடைய தேவை மாறிவிடும். 1986ஆம் ஆண்டிலே தாக்கியுச்சி, நொனாக்கா என்னும் இரு யப்பானிய அறிஞர், புதிய பொருள்களை ஆக்கும் நல்ல குழுவினர் றகர் விளையாட்டு அணியைப்போல ஒருங்கே முன்னேறுகின்றனர் என்று எழுதினர். அந்த விளையாட்டிலிருந்தே 'ஸ்க்ரம்' என்ற பெயரை எடுத்து, ஜெவ் சதர்லாந்து, கென் சுவேபர் என்னும் அமெரிக்கர் இருவர் 1995ஆம் ஆண்டில் ஒரு வேலைமுறையை அறிஞர் மாநாடொன்றில் எடுத்துரைத்தனர். 2001ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து மலைப்பகுதி ஒன்றிலே பதினேழு பேர் கூடி, இத்தகைய முறைகளுக்குப் பொதுவான கொள்கை அறிக்கையொன்றை வெளியிட்டனர். நேரில் உரையாடுவதே செய்தியைத் தெரிவிக்கச் சிறந்த வழியென்பதும், குழுவினர் காலத்துக்குக் காலம் தம் வேலைமுறையைத் தாமே மீள நோக்கித் திருத்தவேண்டும் என்பதும் அவ்வறிக்கையின் கோட்பாடுகளுள் அடங்கும்.

ஸ்க்ரம் முறையில் வேலை சிறு சிறு காலக்கூறுகளாக வகுக்கப்படுகின்றது. ஒரு கூறு ஒரு மாதத்துக்கு மேற்படலாகாது. அக்கூறு ஒவ்வொன்றும் ஒரு போகம் என்று கொண்டால், நம் நேயர்களுக்கு உடனே விளங்கும். போகத்தின் தொடக்கத்திலே ஒரு திட்டமிடற் கூட்டம். ஒரு மாதக் கூறாயின் அது எட்டு மணி நேரத்துக்கு மேற்படலாகாது. நாள்தோறும் ஒரு சிறு கூட்டம், பதினைந்தே நிமிடம். இறுதியில், செய்து முடித்ததைப் பயன்படுத்துவோருக்குக் காட்டும் கூட்டம். நான்கு மணி நேரத்துக்குள். அதன்பின், "நாம் வேலை செய்த விதம் சரிதானா?" என்று குழுவினர் தம்மைத் தாமே வினவிக்கொள்ளும் கூட்டம், மூன்று மணி நேரத்துக்குள். குழுவிலே பொதுவாகப் பத்துப் பேருக்கு மேல் இருத்தலாகாது.

பயிர்ச்செய்கைக் கூட்டம், நாள்தோறும் வாய்க்காலைச் சுற்றிப் பார்த்தல், அறுவடை, அடுத்த போகத்துக்கு முன் "சென்ற முறை எங்கே தண்ணீர் தவறிற்று?" என்று பேசிக்கொள்ளுதல் என்னும் நான்கையும் இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை புலனாகும். எனினும், ஒரு வேற்றுமையையும் மறத்தலாகாது. மென்பொருளிலே நேற்று எழுதியதை இன்று அழித்து எழுதலாம். விதைத்த நெல்லைத் திரும்பப் பொறுக்க முடியாது. ஆகையால், அவர்கள் அடிக்கடி கூடி அடிக்கடி மாற்றிக்கொள்ளலாம். நாமோ போகத்தொடக்கத்தின் ஒரு கூட்டத்திலே பெரிய முடிவுகளை உறுதியாக எடுத்துவிட்டு, பின்வரும் நாள்களிலே நீர்முறையைமட்டும் திருத்திக்கொண்டு செல்லவேண்டியவர்கள். எந்த முடிவை மாற்றலாம், எந்த முடிவை மாற்றவியலாது என்று பிரித்தறிந்து, மாற்றவியலாததற்கே கூட்டத்தின் பெரும்பகுதி நேரத்தைக் கொடுத்தல் இருவருக்கும் பொதுவான அறிவு.

இவ்விரு மரபுகளையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து, பயனுள்ள கூட்டத்துக்குரிய நெறிகள் ஐந்து தெளிவாகின்றன.

முதலாவது, அளந்த பின்பே பேசவேண்டும். குளத்திலே எத்தனை அடி நீர் நிற்கின்றது என்பது தெரியாமற் சிறுபோகம் பற்றிப் பேசினால், குரல் பெரியவனுடைய விருப்பமே முடிவாகும். அளவுக்கோல் காட்டும் எண் எல்லோர் முன்னும் வைக்கப்பட்டால், பேச்சு மனிதரைவிட்டு நீரைப் பற்றியதாக மாறும். மென்பொருட் குழுவுக்கும் ஒரு குளம் உண்டு. இத்தனை பேர், இத்தனை நாள், சென்ற முறை செய்து முடித்த வேலை இவ்வளவு என்பதே அவர்களுடைய நீர்மட்டம். அதனை அறியாமல் வேலையை ஏற்றுக்கொள்ளும் குழு, 8,000 ஏக்கர் நீரிலே 10,000 ஏக்கர் விதைத்த குழுவாகும்.

இரண்டாவது, பெரிய கூட்டத்துக்கு முன் சிறிய கூட்டம் வேண்டும். நானூறு பேர் அமர்ந்த மண்டபத்திலே ஒரு வயல் வாய்க்காலின் உடைப்பைப் பற்றிப் பேசுதல் பொருந்தாது. அந்த வாய்க்காலில் நீர் எடுக்கும் பத்துப் பதினைந்து பேர் மர நிழலிலே நின்று பேசித் தீர்க்கத்தக்க காரியம் அது. தீராததைமட்டும் கமக்காரர் அமைப்புக்கும், அங்கும் தீராததைப் பெருங்கூட்டத்துக்கும் கொண்டுசெல்லல் வேண்டும். இது நம் மரபுக்கும் புதிதன்று. தொண்டை நாட்டு உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம், 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச்சபைக்குக் குடவோலையால் உறுப்பினரைத் தெரிந்த முறையைக் கூறுகின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று ஒரு தனிக் குழு இருந்தது. அதன் உறுப்பினர் அறுவரே. அவர்களுக்குத் தவணையும் உண்டு; கணக்குக் காட்டாதவருக்கு மீண்டும் இடமில்லை. சிறு குழு, வரையறுத்த காலம், தவறாத கணக்கு என்னும் மூன்றையும் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னமே கல்லிலே பொறித்துவைத்த இனம் நம்முடையது.

மூன்றாவது, பொருளின் எடைக்கேற்ப நேரத்தைப் பங்கிடவேண்டும். பார்க்கின்சன் என்னும் ஆங்கில அறிஞர் 1957ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலிலே ஒரு கற்பனைக் குழுவைக் காட்டுகின்றார். அந்தக் குழு ஒரு கோடி பவுண் செலவாகும் அணு உலையை இரண்டரை நிமிடத்தில் நிறைவேற்றிவிட்டு, 350 பவுண் செலவாகும் சைக்கிட் கொட்டகையைப் பற்றி முக்கால் மணி நேரம் விவாதிக்கின்றது. அணு உலை ஒருவருக்கும் விளங்காது. கொட்டகைக் கூரையோ எல்லோருக்கும் விளங்கும். இந்த நகைச்சுவையில் உண்மை மிகுதி. நம் சங்கக் கூட்டங்களிலும் ஆண்டுக் கணக்கு ஐந்து நிமிடத்திலே முடிந்துவிட, ஆண்டு விழாவுக்கு எந்த நிறத்துப் பந்தல் என்பதற்கு ஒரு மணி நேரம் செல்வதை நாம் காணவில்லையா? தலைவரானவர், இன்றைய கூட்டத்தில் தவறினால் மிகுந்த நட்டம் தரக்கூடிய பொருள் எது என்று முன்னதாகவே சிந்தித்து, அதனை முதலில் எடுத்துவிடல் வேண்டும்.

நான்காவது நெறி எல்லாவற்றினும் கடினமானது. கடைமடைக்காரன் பேசவேண்டும். கூட்டங்களிலே முன்வரிசையில் அமர்பவரும் முதலிற் பேசுபவரும் பெரும்பாலும் துருசுக்கு அண்மையில் உள்ளவரே. அவருக்குக் காணியும் உண்டு, செல்வாக்கும் உண்டு, தண்ணீரும் உண்டு. கடைசி வாய்க்காலில் வயல் வைத்திருப்பவர் பின்வரிசையிலே, சில வேளைகளில் வாசலுக்கு வெளியே நிற்பார். கணவனை இழந்து தனியே வயல் செய்யும் பெண்கள் நம் வன்னியிலே பலர். அவர்கள் பேசாமலே திரும்பிச் செல்வதும் உண்டு. ஆனால், நீர் எங்கே நின்றுபோகின்றது என்பதை உண்மையாக அறிந்தவர்கள் இவர்களே. மேல்மடைக்காரனுக்கு வாய்க்காலில் ஓட்டை இருப்பது தெரியவே தெரியாது. மென்பொருட் குழுவிலும் இவ்வாறே. நேற்று வந்து சேர்ந்த இளைஞனும், பிழை தேடிச் சோதிப்பவளும், அந்தப் பொருளை நாள்தோறும் பயன்படுத்தப்போகும் எழுதுவினைஞரும் கடைமடைக்காரர்கள். அவர்களை முதலிற் பேசவிட்டு, தலைவர் இறுதியிற் பேசினால், கூட்டம் புதிதாக ஏதேனும் கற்றுக்கொள்ளும். தலைவர் முதலிற் பேசினால், எஞ்சியோர் அவரையே வழிமொழிவர்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு சிறந்த சான்று உண்டு. அம்பாறை மாவட்டத்தின் கல்லோயா இடதுகரைத் திட்டத்திலே, மேல்மடையில் சிங்களக் கமக்காரரும் கடைமடைப் பகுதியில் தமிழ்க் கமக்காரரும் இருந்தனர். தண்ணீர்ப் பிணக்கு மலிந்த இடம் அது. 1981ஆம் ஆண்டிலே, கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, படித்த இளைஞர்களைக் கமக்காரரிடையே சென்று வாழுமாறு அனுப்பின. அவ்விளைஞர்கள் சங்கம் அமைத்துத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தெரிவுசெய்து தொடங்கவில்லை. ஒரு வயல் வாய்க்காலில் உள்ள சிலரைக் கூட்டி, "உங்கள் வாய்க்காலிலே நீங்களே தீர்க்கத்தக்க குறை எது?" என்று வினவினர். வாய்க்காலைத் துப்புரவு செய்தல், முறைவைத்து நீர் எடுத்தல் என்று வேலை முதலில் தொடங்கிற்று. அமைப்புப் பின்பு வந்தது. குளத்திலே நீர் மிகக் குறைந்திருந்த அவ்வாண்டிலேயே, மேல்மடைக்காரர் தாம் மிச்சப்படுத்திய நீரைக் கீழ்மடைக்கு விட்டனர். இனப் பகை நாட்டிலே வளர்ந்துவந்த ஆண்டுகளில் நிகழ்ந்த காரியம் அது. இதனைப் பேராசிரியர் நோர்மன் அப்கொவ் விரிவாக எழுதியுள்ளார். பத்துப் பேர் ஒரு வரம்பிலே நின்று, ஒரே வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு பேசிய கூட்டங்களின் பயன் அது.

ஐந்தாவது, எழுதிவைத்துத் திரும்பிப் பார்க்கவேண்டும். நல்ல கூட்டக் குறிப்பு, யார் யார் என்னென்ன பேசினர் என்பதன் நீண்ட வரலாறாக இருக்கவேண்டியதில்லை. என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் திகதி என்னும் மூன்றும் இருந்தாற் போதும். "வாய்க்கால் துப்புரவு செய்யப்படும்" என்று எழுதினால் ஒருவரும் செய்யமாட்டார். "மூன்றாம் வாய்க்காலை, அவ்வாய்க்காலின் பிரதிநிதி பொறுப்பில், ஏப்ரல் 10ஆம் திகதிக்குள்" என்று எழுதினால், பதினோராம் திகதி கேட்பதற்கு ஆள் உண்டு. அடுத்த கூட்டம் தொடங்கும்போது இந்தப் பட்டியலையே முதலிற் படிக்கவேண்டும். செய்யாதவரை வைவதற்காக அன்று. ஏன் செய்ய முடியவில்லை என்று அறிவதற்காக. மீள நோக்கும் கூட்டம் குற்றவிசாரணையாக மாறிவிட்டால், அடுத்த முறை எவரும் உண்மை சொல்லமாட்டார். உடைப்பை மறைத்தவனுடைய வாய்க்கால் மறுமுறையும் உடையும்.

இந்நெறிகளைப் பெயரளவில் ஏற்றுக்கொண்டு உயிரை விட்டுவிடுவதும் உண்டு. நாள்தோறும் பதினைந்து நிமிடம் நடக்கவேண்டிய கூட்டம், நின்றுகொண்டே நடத்துவது பலரின் வழக்கம்; நின்றால் பேச்சு நீளாது என்பது கருத்து. ஆனால், பல அலுவலகங்களிலே அந்தக் கூட்டம் மேலதிகாரிக்கு ஒவ்வொருவரும் ஒப்புவிக்கும் பாடமாக மாறிவிட்டது. "நேற்று இது செய்தேன், இன்று இது செய்வேன், தடை ஒன்றுமில்லை" என்று வாய்ப்பாடு சொல்லிவிட்டு அமர்கின்றனர். ஸ்க்ரம் முறையின் வழிகாட்டி நூலே 2020ஆம் ஆண்டுப் பதிப்பில், முன்பு கூறிவந்த அந்த மூன்று கேள்விகளை எடுத்துவிட்டது. அக்கூட்டம் தோழர்கள் தமக்குள் பேசி, அன்றைய வேலையை ஒழுங்குபடுத்திக்கொள்வதற்கு ஏற்பட்டது. காலையிலே வரம்பில் சந்திக்கும் இரு கமக்காரர், "இன்றைக்கு உனக்கு மதியம்வரை தண்ணீர், பிறகு நான் அடைத்து எனக்குத் திருப்புகின்றேன்" என்று பேசிக்கொள்வார்களே, அந்தப் பேச்சுக்கு உரிய எளிமையும் பயனும் அதற்கு இருக்கவேண்டும்.

மற்றொரு நோய், முடிவைக் கூட்டத்துக்கு வெளியே எடுத்துவிட்டு, கூட்டத்தைக் கையொப்பத்துக்கு மட்டும் அழைத்தல். ஒருமுறை அவ்வாறு நடந்துவிட்டால், அடுத்த முறை வருவோர் தொகை குறையும். வராதவர், தாம் இசையாத முடிவைக் காக்கவும் மாட்டார். இரவிலே துருசைத் திறப்பவன் பெரும்பாலும் பகலிலே கூட்டத்தில் பேச இடம் பெறாதவனே என்பதை அனுபவமுள்ள நீர்ப்பாசன அலுவலர் அறிவர். காவலாளியை நிறுத்தித் தண்ணீரைக் காப்பதைவிட, கூட்டத்திலே ஒரு நாழிகை கூடுதலாக இருந்து இசைவைப் பெறுதல் இலாபம்.

நேயர்களே, வன்னி மண்ணுக்கு இவை வெறும் நிருவாக நுட்பங்கள் அல்ல. 2008ஆம், 2009ஆம் ஆண்டுகளில் இம்மண்ணின் மக்கள் ஊரும் வீடும் வயலும் விட்டு இடம்பெயர்ந்தனர். போர் முடிந்து மீளக் குடியமர்ந்தபோது, தூர்ந்த வாய்க்கால்களும் காடு பற்றிய வயல்களுமே அவர்களை வரவேற்றன. வாய்க்காலை இயந்திரம் கொண்டு வெட்டிவிடலாம். அணையைச் சீமெந்து கொண்டு கட்டிவிடலாம். ஆனால், ஒரே வாய்க்காலில் நீர் எடுக்கும் இருபது பேர் ஒருவர் சொல்லை ஒருவர் நம்புதல் என்னும் அணையை, கூடிப் பேசிக் கூடிப் பேசித்தான் திரும்பக் கட்டவேண்டியிருந்தது. ஒவ்வொரு போகக் கூட்டமும் அந்த அணைக்கு ஒரு கூடை மண் சேர்க்கின்றது, அல்லது அதிலிருந்து ஒரு கூடை மண்ணை எடுத்துச் செல்கின்றது.

ஆகவே, நாளை ஒரு கூட்டத்தைக் கூட்டவிருக்கும் எவரும், அவர் கமக்காரர் அமைப்பின் தலைவராயினும், பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளராயினும், கூட்டுறவுச் சங்கத்தவராயினும், கொழும்பிலோ கனடாவிலோ மென்பொருட் குழுவை நடத்தும் நம் பிள்ளையாயினும், அழைப்பை அனுப்புமுன் சில கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொள்வாராக. இக்கூட்டத்தில் முடிவாகவேண்டியது யாது? அதற்கு வேண்டிய அளவு என் கையில் இருக்கின்றதா? இதற்கு வரவேண்டியவர் யார், வரத் தேவையில்லாதவர் யார்? எத்தனை மணிக்கு முடியும்? இவற்றுக்கு விடை இல்லையாயின், அந்தக் கூட்டத்தைக் கூட்டாதிருத்தலே நன்று. ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ போதும். விடை உண்டாயின், குறித்த நேரத்திலே தொடங்குக. பின்வரிசையில் இருப்பவரை முதலிற் பேசச் சொல்க. பொறுப்பும் திகதியும் எழுதுக. குறித்த நேரத்திலே முடிக்க.

அதன்பின் ஒன்று எஞ்சியிருக்கின்றது. கூட்டம் முடிந்து சில கிழமைகள் சென்றபின், எழுந்து, வாய்க்காலின் கரை வழியே கடைசிவரை நடந்து செல்லுங்கள். அங்கே வயல் வைத்திருப்பவரிடம், "தண்ணீர் வந்ததா?" என்று கேளுங்கள். உங்கள் கூட்டம் எப்படி நடந்தது என்பதை அவர் சொல்வார்.